மஞ்சள் கல்லும் பூண்டு வாசமும்

போன வருடம் ஐப்பசி மாதம், கந்த சஷ்டி விரதத்துக்குள் வந்த வெள்ளிக்கிழமை. கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டை ஒட்டி ஒரு பித்தளைக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் பட்டறை. நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. இது அங்கே நடந்தது.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கொழுந்து வேலையை விட்டு டவுன் வேலைக்கு வந்து பல வருடமாகிறது. அவர் குத்துவிளக்கு, தட்டு, யானை உருவம் எல்லாம் பொலிஷ் பிடிப்பார். நான் கழுவித் துடைத்துப் பேப்பரில் சுற்றுவேன். முதலாளி அக்குறணை ஆள். ஹாஜியார் என்று கூப்பிடுவோம். சத்தம் போட மாட்டார். சாமான் ஏதாவது வீணாகிப் போனால் பேசாமல் நின்று பார்ப்பார். ஏசினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

அவர் கொஞ்ச காலத்துக்கு முன் லேசர் மெஷின் ஒன்று எடுத்தார். பரிசுக் கேடயத்துக்கும் விளக்குக்கும் அடியில் வைக்கிற பலகையை அது வெட்டும், பெயரும் பொறிக்கும். பல்லேகலயிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பொருத்திப் பூட்டிக் கொடுத்தார். சிங்கள ஆள், தமிழும் கொஞ்சம் வரும். அவர்தான் என் வீட்டுக்காரருக்கு மெஷினைப் பழக்கிவிட்டார்.

மெஷின் தலைக்குள் ஒரு சின்ன வட்ட வில்லை இருக்கிறது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்த நிறம். பார்க்க அழகாக இருக்கும். நாங்கள் அதை மஞ்சள் கல் என்போம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சூட்டுக் கதிர் அதற்குள்ளால் போய் ஒரே புள்ளியில் குவிந்து பலகையை வெட்டுகிறது. சாதாரணக் கண்ணாடியை வைத்தால் கதிர் அந்தப் பக்கம் போகாது, கண்ணாடிதான் வெடிக்கும் என்று மெக்கானிக் சொன்னார். கல் மிருதுவானது, சட்டென்று கீறல் விழும். வெறும் கையால் தொடக்கூடாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மட்டும் துடைக்க வேண்டும். உடைந்தால் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. இவ்வளவும் சொன்னார். அசிட்டில் போடக்கூடாது என்று சொல்லவில்லை. ஒருவன் அதைக் கொண்டுபோய் அசிட்டில் போடுவான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

எங்களுக்குத் தோன்றியது. பித்தளைப் பட்டறையில் கறுத்தது எல்லாம் அசிட்டுக்குத்தான் போகும். அசிட்டில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு முக்கு. எடுத்தால் பொன் மாதிரி இருக்கும். கறை பிடிவாதம் பிடித்தால் அசிட் கோப்பையைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைப்போம். சூடு ஏறினால் கறை சீக்கிரம் விடும். வீட்டுப் பூட்டு, சாமி விளக்கு, சைக்கிள் மணி, எது கறுத்தாலும் அங்கே கொண்டுவந்து முக்கிக்கொண்டு போவோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, மெஷினில் புகை உறிஞ்சுகிற ஃபேன் நின்றுவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புக்குக் கேடயம் கொடுக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஃபேன் இல்லாமலே வேலையை ஓட்டினார். புகை எல்லாம் கல்லில் போய்ப் படிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் வெட்டவில்லை, பலகையைக் கருக்க மட்டும் செய்தது. கழற்றிப் பார்த்தார். கல்லின் நடுவில் கறுப்பாக ஒரு படலம். ஸ்பிரிட்டால் துடைத்தார். போகவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் கடை ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஹாஜியார் ஜும்மா தொழுகைக்குப் போய், வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வருவார். மற்ற ஆட்களும் போய்விடுவார்கள். பட்டறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்போம். அவர் வருவதற்குள் சரி பண்ணி வைத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

மழை பிடித்துக்கொண்டது. கண்டிப் பக்கத்து ஐப்பசி மழை தெரியும்தானே, சாய்ந்து அடிக்கும். சாரல் உள்ளே வருகிறது என்று, அசிட் வேலை செய்கிற பின் அறையின் ஜன்னலைச் சாத்தினார். பீங்கான் கோப்பையில் அசிட் ஊற்றி, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து, கல்லைப் போட்டார். நான் வெளியே பின் விறாந்தையில் புளி போட்டுத் தட்டுக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. அப்படி ஒரு நாற்றத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூட்டையோடு முள்ளங்கி அழுகி, அதற்குள் யாரோ நெருப்புக்குச்சி கிழித்த மாதிரி. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். அறைக்குள்ளிருந்துதான் வந்தது. எட்டிப் பார்த்தேன். கண் எரிந்தது. அவர் கோப்பைக்கு மேலே குனிந்து நின்றார்.

என்ன நாற்றம் என்று கேட்டேன். சின்னச் சின்னக் குமிழியாக வருகிறது, கறுப்பு விடுகிறது என்றார். எனக்கு நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பிறகு உள்ளேயிருந்து சொன்னார்: "நாத்தம் போயிருச்சு புள்ள."

திரும்பப் போய் வாசலில் நின்று பார்த்தேன். முதலில் லேசாக அடித்தது. பிறகு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. நாற்றம் நின்றால் கெடுதலும் நின்றது என்றுதான் நினைத்தோம். வேறு எப்படி நினைப்போம்?

வாயில் உலோக ருசி வந்திருந்தது. அதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பித்தளைத் தூள் பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்கள் வாய் எப்போதும் காசைக் கடித்துக்கொண்டிருக்கிற மாதிரித்தான் இருக்கும். வேறு யாராவது என்றால் துப்பிவிட்டு ஓடியிருப்பார்கள். எங்களுக்கு அது தினமும் உள்ள ருசி.

அவர் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து தண்ணீராக ஓடியது. தடிமன் பிடித்த ஆள் மாதிரி. முகம் வெளிறியிருந்தது. நான் என்னவோ ஏதோ என்று பார்த்தால், அவருடைய பயம் வேறு. கல் பால் விட்ட மாதிரி மங்கிப் போய்விட்டது, ஓரம் எல்லாம் கரைந்து சிறுத்துவிட்டது என்றார். கோப்பை விளிம்பில் குங்குமம் கரைத்துப் பூசிய மாதிரி சிவப்பு படிந்திருக்கிறதாம். மஞ்சள் கல்லிலிருந்து எப்படிச் சிவப்பு வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ரத்தம் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

அறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். கோப்பை உள்ளே அப்படியே இருந்தது.

"மொதலாளிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

சரி என்றேன்.

விறாந்தையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விரதத்துக்கு என் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. அந்த நாட்களில் வீட்டில் பூண்டு உரிப்பதே இல்லை. அன்றைக்குப் பருப்பும் பூசணிக்காயும். அவர் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளி வைத்தார். இருமினார். ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பினார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

பூண்டு வாசம். லேசாக இல்லை. பச்சைப் பூண்டை ஒரு கைப்பிடி மென்றவர் மாதிரி.

காலையில் கடையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "நீ குடுத்த தேத்தண்ணியோட சரி. வெளிய எறங்கவே இல்ல" என்றார். எனக்கும் தெரியும், அவர் இறங்கவில்லை. சோற்றை மோந்து பார்த்தேன். பருப்பை மோந்து பார்த்தேன். இல்லை. திரும்ப அவர் வாய்ப் பக்கம் போனேன். அங்கேதான் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இருமலுக்கோ கண் சிவந்ததற்கோ நான் பயப்படவில்லை. பட்டறையில் அதெல்லாம் வரும், போகும். இது வேறு. அவர் வாயில் போடாத ஒன்று அவர் உடம்புக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

போவோம் என்றேன். எங்கே என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். பைத்தியமா என்று கேட்டார். கொஞ்சம் படுத்தார். இருமல் குறைந்தது. பார், சரியாகிவிட்டது என்றார். முகத்தில் கொஞ்சம் நிறமும் வந்திருந்தது. என் மனமும் அந்தப் பக்கம் சாயப் பார்த்தது. ஆனால் வாசம் குறையவில்லை. வீட்டுக்காவது போய்ப் படுங்கள் என்று எழுப்பினேன். வந்தார்.

வீட்டுக்குப் போக, மழையில் பேராதனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். சாரலுக்கு எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சுதுலூணு என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். சிங்களத்தில் பூண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கு மட்டும் வருகிற பிரமை இல்லை என்று தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பாதி வழியில் அவர் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கேத்தலில் தண்ணீர் கொதிக்க முன்னால் சலசலக்குமே, அது மாதிரி. பேச வாய் திறந்தார், பேச்சு வரவில்லை. உதடு நாவல் பழம் தின்ற நிறமாகிவிட்டது. நான் எழுந்து கொண்டக்டரைப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அந்த மனிதன் அவர் முகத்தைப் பார்த்தான், உடனே டிரைவரிடம் கத்தினான். பஸ் நடுவில் எங்கும் நிற்காமல் பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால்தான் நின்றது. இறங்க வேண்டியவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கைப் பொத்திய அம்மாதான் அவருடைய ஒரு கையைத் தன் தோளில் போட்டு இறக்கிவிட்டார். பெயர் தெரியாது. முகம் இருக்கிறது.

உள்ளே ஒரு பெண் டொக்டர் வந்தார். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. என் வீட்டுக்காரருடைய மூச்சை மோந்தார், கண்ணீரைப் பார்த்தார், மூக்கு ஒழுகுவதைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அவருக்கு ஒக்சிசன் மாட்டச் சொல்லிவிட்டு என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மருந்து ஏதும் குடிச்சவரோ?"

மலைநாட்டில் மருந்து குடித்தவர் என்றால் ஒரே அர்த்தம்தான். பூச்சி மருந்து. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அப்படிப் போனவர்கள் உண்டு. அந்த மருந்திலும் இந்த வாசம் வருமாம், இதே மாதிரிக் கண்ணும் மூக்கும் ஒழுகுமாம். இல்லை என்றேன். வீட்டில் சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். கடனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நான் ஏச மாட்டன் அம்மா. பொலிசுக்குப் பயப்பிடாதேங்கோ. தெரிஞ்சாத்தான் காப்பாத்தலாம்."

நான் கட்டில் பக்கம் திரும்பினேன். திரை இடுக்கால் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விட முடியாத ஆள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சொல்லாதே என்கிறார். கல் போனது தெரிந்தால் வேலை போகும், அது அவர் பயம். என் முகத்தில் ஒரு பொய் இருப்பது டொக்டருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துத் தட்டில் தாதி ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பூச்சி மருந்துக்கு உரிய ஊசி. எனக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் அது வேறு நோய்க்கு உரியது, அவருக்கு வந்திருப்பது வேறு என்று மட்டும் தெரியும்.

டொக்டர் திரும்பப் போய் டோர்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தாதியைக் கையால் நிறுத்தினார். பூச்சி மருந்து என்றால் கண்மணி ஊசி முனை மாதிரிச் சுருங்கியிருக்க வேண்டும், இவருக்குச் சுருங்கவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். மஞ்சள் கல், அசிட், சுடுதண்ணீர், குமிழி, முள்ளங்கி நாற்றம், கோப்பையில் சிவப்பு, எல்லாம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கல்லின் பெயர் என்ன என்று டொக்டர் கேட்டார். தெரியாது. நாற்றம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். கொஞ்ச நேரம்தான், பிறகு போய்விட்டது என்றேன்.

"மணம் போகேல்லை அம்மா. உங்கட மூக்குத்தான் செத்துப் போச்சு."

நாற்றம் நின்ற பிறகுதான் நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நாற்றம் நின்ற பிறகுதான் அவர் கோப்பைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ச் சிவப்பைப் பார்த்தார்.

அந்தக் கோப்பை இப்போது எங்கே என்று டொக்டர் கேட்டார். அறைக்குள், ஜன்னல் சாத்தி, கதவு பூட்டி என்றேன். நல்லது, யாரும் அதற்குள் போகக் கூடாது என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் ஒக்சிசன் மூடியை இழுத்து இறக்கினார். தாதி கையைப் பிடித்தார், அவர் விடவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மொதலாளி... அஸருக்கு... அங்கதான்... கை கால் கழுவுவாரு."

மறந்தே போனேன். பட்டறையில் இருக்கிற ஒரே பைப் அந்த அறைக்குள்தான். வெள்ளிக்கிழமை ஹாஜியார் வந்ததும் கடையைத் திறந்து, நேரே பின்னால் வந்து, தன் சாவிக்கொத்தில் இருக்கிற திறப்பால் அறையைத் திறந்து, தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவுவார். மூக்குக்குத் தண்ணீர் எடுத்துச் சிந்துவார். அவசரப்படவே மாட்டார். ஒவ்வொன்றாகச் செய்வார். அந்த அறையில், அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில்.

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றார் அவர். பிறகு மூடியை அவரே போட்டுக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அஸர் நேரம்தான். ஹாஜியாருக்குப் போன் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. ஹாஜியார் வாகனம் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். வழியில் இருக்கிறாரா, வந்துவிட்டாரா, அறைக்குள்ளேயா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் திரைக்குள் அந்தக் கேத்தல் சத்தம். ஒரு பக்கம் காதில் மணி. என் வாழ்க்கையில் அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் இனி வரக் கூடாது.

எடுத்தார்.

"சொல்லுங்க தங்கச்சி. ரெண்டு பேரயும் காணல்லயே, எங்க போன?"

"ஹாஜியார், பின்னால அறைக் கதவத் தொறக்காதீங்க."

"திறப்பு பூட்டுலதான் ஈக்கிது. ஏன்?"

"தொறக்காதீங்க. உள்ள வெசக் காத்து இருக்கு. மெஷின் கல்ல நாங்க அசிட்ல போட்டுட்டோம். இவரு ஆஸ்பத்திரியில கெடக்கிறாரு."

அந்தப் பக்கம் மழைச் சத்தம். பிறகு பூட்டிலிருந்து திறப்பை உருவுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

"மூச்சு ஈக்கிதா அவருக்கு?" என்றார்.

இருக்கிறது என்றேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மெக்கானிக்கைப் பிடிக்கிறேன், டொக்டர் பக்கத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் என் போனுக்குக் கூப்பிட்டார். டொக்டரிடம் கொடுத்தேன். சிங்களத்தில் பேசினார்கள். டொக்டர் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். சிங்க் செலனைடு. அதுதான் எங்கள் மஞ்சள் கல்லின் பெயர்.

பிறகு டொக்டர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். அந்தக் கல்லில் பாதி நாகம், அதாவது துத்தநாகம். பித்தளையில் செம்போடு சேர்க்கிறோமே, அதே நாகம்தான். எங்களுக்குத் தெரிந்த சாமான். மற்றப் பாதி செலனியம். இரண்டும் இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கும் மட்டும் ஒன்றும் செய்யாது. தண்ணீரில்கூடக் கரையாது. அசிட் பட்டால் நாகம் அசிட்டோடு போய்விடும். செலனியம் அசிட்டில் உள்ள ஹைட்ரஜனோடு சேர்ந்து காற்றாகக் கிளம்பும். அந்தக் காற்றுத்தான் நாறியது. மிகக் கொஞ்சமே போதும், முதலில் மூக்கை மரக்கச் செய்யும், பிறகு நெஞ்சைப் பிடிக்கும். கோப்பை விளிம்பில் படிந்த சிவப்பும் செலனியம்தான், அந்தக் காற்றே வெளிக்காற்றுப் பட்டு மாறிப் படிந்தது. உள்ளே போனதை உடம்பு மூச்சு வழியாக வெளியே தள்ளும். அதுதான் பூண்டு வாசம்.

மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒக்சிசன் கொடுக்கலாம், நெஞ்சில் தண்ணீர் கட்டுவதைக் குறைக்க மருந்து கொடுக்கலாம், அவருடைய உடம்புதான் தாங்க வேண்டும் என்றார். மறைக்காமல் சொன்னார். என்னையும் ஒரு கட்டிலில் இருக்கச் சொன்னார். எனக்கும் தலை இடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நான் பயம் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இரண்டு வார்டுக்கு நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் இருமினால் எனக்குக் கேட்கும். இருமல் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். முருகனைக் கூப்பிட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

விடிந்தது. போய்ப் பார்த்தேன். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்து மூடியை லேசாகத் தூக்கினார்.

"வெரதத்த நான் முறிக்கல. கல்லுதான் முறிச்சிருச்சு."

அப்போதுதான் அழுதேன்.

பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பூண்டு வாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. அறையை ஹாஜியார் அன்றைக்குத் திறக்கவே இல்லை. மெக்கானிக் பல்லேகலயிலிருந்து மழையில் வந்து, முகத்துக்குப் பெரிய மாஸ்க் போட்டு, வெளியே நின்றே ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டாராம். அடுத்த நாள் அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து கோப்பையை எடுத்துப் போனார்கள். கல் அதற்குள் பாதிகூட மிஞ்சவில்லை என்று சொன்னார்கள்.

மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "நான் அசிட் சொல்ல இல்ல, நான் அசிட் சொல்ல இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் என்ன பிழை? இப்போது எந்தக் கடையில் மெஷின் பூட்டினாலும் முதல் வார்த்தை அதைத்தான் சொல்கிறாராம். ஹாஜியார் புதுக் கல் எடுத்தார். பைப்பை வெளியே விறாந்தைக்கு மாற்றினார். என் வீட்டுக்காரருக்கு இனி பொலிஷ் தூசு ஆகாது என்று முன் கடையில் கதிரை போட்டு உட்கார வைத்தார். மேடு ஏறினால் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கும். கல்லைப் பற்றி ஹாஜியார் இன்று வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி மட்டும்தான் பயந்திருந்தார்.

எனக்கு மிஞ்சியது வேறு. முன்பெல்லாம் ஒரு கெட்ட வாசம் வந்தால் பயப்படுவேன், நின்றால் நிம்மதியாவேன். இப்போது நின்றால்தான் பயம். எழுந்து கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிடுகிறேன். அவர் தூங்கும்போது பக்கத்தில் குனிந்து மூச்சை மோந்து பார்க்கிறேன். ஒரு வாசமும் இல்லை. இருந்தும் மூக்கை நம்பாமல், நெஞ்சில் கை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் படுக்கிறேன்.